பெட்டி அக்கா படித்துச் சொன்ன எண்

அந்தத் தையல் கம்பெனியின் சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. வேறு எங்கேயும் அந்தப் பேருக்கு வேலை இல்லை. எல்லாருக்கும் அவள் பெட்டி அக்காதான். முதலாளியின் கார் டிரைவர் அவளைவிட வயதில் மூத்தவர். அவர்கூட கார்க் கண்ணாடியை இறக்கி, "என்ன பெட்டி அக்கா, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

பெட்டி என்றால் போன் பெட்டி. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. புது மாதிரித் துணி வெட்டும்போது எவராவது படம் பிடித்து வெளியே அனுப்பிவிட்டால் ஆர்டர் கைமாறிப் போகும் என்று மேலிடத்துக்குப் பயம். அதனால் கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை கட்டி, சுவர் முழுக்க மரத்தில் தட்டு அடித்து, புறாக்கூண்டு மாதிரி குட்டிக் குட்டி அறைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். காலையில் வருகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டுவார்கள். பெட்டி அக்கா அதை ஒரு கூண்டில் வைத்துவிட்டு, அந்தக் கூண்டின் நம்பர் போட்ட தகர வில்லையைக் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது வாய் அசையும். ஏதோ எண்ணுகிறாள் என்று புதுசாக வந்தவர்கள் நினைப்பார்கள். எண்ணவில்லை. 'கடவுளே, இந்தப் பிள்ளையைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பு' என்று ஒவ்வொரு போனுக்கும் ஒரு தடவை சொல்லுவாள். கூட்டம் நெருக்கியடித்து, யாருக்காவது சொல்ல விட்டுப்போனால், ஆள் உள்ளே போன பிறகு அந்தக் கூண்டைத் தொட்டுச் சொல்லிவிடுவாள்.

அவளும் ஒரு காலத்தில் உள்ளே காலர் தைக்கிற மிஷினில் இருந்தவள்தான். குனிந்து குனிந்து கழுத்து நரம்பு கெட்டுப்போய், தலையைச் சாய்த்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு அனுப்பாமல் கேட்டில் உட்கார வைத்தார்களே என்று அவளுக்கு அந்தக் கம்பெனி மேல் ரொம்ப நன்றி. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவள். தம்பிகள் இரண்டு பேரை வளர்த்து, கல்யாணம் செய்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவள் வயது போய்விட்டிருந்தது. தம்பி பெண்டாட்டிகள் கெட்டவர்கள் இல்லை. வாங்க என்பார்கள், இருங்க என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சாயப் பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் தனியாக இருந்தாள். பேச்சுத் துணை எல்லாம் இந்த ஜன்னல்தான்.

பெட்டி வெறும் பெட்டியாக இருந்த வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. பிள்ளைகள் கையில் இணையம் வந்தது. கிளிப், உதட்டுச் சாயம், செருப்பு, இரவு உடை, போனுக்கு உறை, அந்த உறைக்கு மேலே ஒட்டுகிற பொம்மை என்று எல்லாவற்றையும் போனிலேயே வாங்க ஆரம்பித்தார்கள். பார்சல்காரர்கள் மத்தியான வெயிலில் கேட்டுக்கு வருவார்கள். போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொன்னால்தான் பார்சலைக் கொடுப்பார்கள். போன் கூண்டில், பிள்ளை உள்ளே மிஷினில். பார்சல் திரும்பிப் போகும். ஒருத்தி தங்கைக்கு என்று ஆசையாக வாங்கின செருப்பு வந்து வந்து திரும்பிப் போய், கடைசியில் கிடைத்தபோது தங்கையின் கால் வளர்ந்துவிட்டிருந்தது. அவள் ஜன்னலில் நின்று அழுதாள்.

"அழாத தங்கம். இந்தப் போனை எப்படித் திறக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. அந்த எண்ணை நான் படிச்சுச் சொல்லிடறேன்" என்றாள் பெட்டி அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. போனைத் திறக்கப் புள்ளிகள் வரும், விரலை எடுக்காமல் கோடு இழுக்க வேண்டும். பெட்டி அக்கா படிப்பை ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எண் என்றால் தடங்கல் இல்லை. அது அவளுக்கு ஒரு பெருமை. யாருடைய கோடு எந்த எழுத்து மாதிரி என்று மனதில் பதிய வைத்துக்கொண்டாள்.

"பாதிப் பேர் ப போட்டிருக்கீங்க, மீதிப் பேர் ட போட்டிருக்கீங்க. உங்க பள்ளிக்கூடத்துல வேற எழுத்தே சொல்லித் தரலையா?"

"ழ போட்டுப் பார்த்தேன்க்கா. அப்புறம் எனக்கே திறக்க வரல."

இதைச் சொன்னவள் வாயாடி. பட்டன் தைக்கிற மிஷினில் இருப்பவள். கம்பெனியில் நடப்பது எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"பாஸ்வேர்டுன்னு ஒண்ணு கேக்குதே, அதெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கறீங்க?" என்று பெட்டி அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான்க்கா. அவன் பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு."

"அவன்தான் உன்னை விட்டுப் போயிட்டானே?"

"அவன் போனா என்ன, பாஸ்வேர்டு இருக்குல்ல!"

ஜன்னலில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பெட்டி அக்காவும் சிரித்தாள். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. கூடப் பிறந்தவள் மாதிரி ஒருத்தி கேட்டில் உட்கார்ந்து எல்லாருடைய போனையும் காக்கிறாள், இதில் என்ன வந்துவிடப் போகிறது?

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியை நர்ஸம்மா என்று கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பேர், பிறகு மரியாதையாகவே நிலைத்துவிட்டது. பிசிறு வெட்டுகிற மேஜையில் வேலை. தைத்து வந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எல்லாம் குட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். அப்பா இல்லை. அம்மா வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறவள். நர்ஸ் படிப்புக்கு வருஷா வருஷம் மனுப்போடுவாள், வருஷா வருஷம் பட்டியலில் தன் பேரைத் தேடி ஏமாறுவாள். இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. இனிமேல் மனுப்போடவே முடியாது.

"அக்கா, இந்தப் போன்ல குருவி கத்தற மாதிரி ஒரு சத்தம் வந்தா அது மெயில். அதுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் வச்சிருக்கேன். கேட்டா மத்தியானம் மறக்காம சொல்லுங்க."

"நான் எங்கம்மா மறக்கப் போறேன்? அந்தக் குருவிக்காகத்தான் காலைலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன்."

பெட்டி அக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற பிள்ளைகள் வில்லையை வாங்கிக்கொண்டு ஓடும், இவள் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "கழுத்து வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். பெட்டி அக்காவின் பிரார்த்தனையில் அந்தப் போனுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். 'அவ கேக்கறதக் குடுத்துடு சாமி.'

ஒரு நாள் காலையில் குருவி கத்தியது.

பெட்டி அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். திறக்கவில்லை. திறந்தாலும் அவளால் படிக்க முடியாது. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். நர்ஸம்மா வந்ததும் எதுவும் சொல்லாமல் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தே நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. படித்தாள். மறுபடி படித்தாள்.

"கிடைச்சிடுச்சுக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். வாயாடி அதை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். வேப்ப மரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் தன் தொப்பியைக் கழற்றி நர்ஸம்மா தலையில் வைத்து, "ஊசி வலிக்காமப் போடணும், சொல்லிட்டேன்" என்றார்.

இடம் வேண்டும் என்று அந்த மெயில் வழியாகத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடவே சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மறுநாள் ஆபீஸ் மூடுகிற நேரம்தான் கெடு. சான்றிதழ்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தன.

"சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுப் பண்றேன்க்கா. அவங்க பார்க்கணும்" என்றாள் நர்ஸம்மா.

அப்போது வாயாடி தன் போனை நீட்டினாள். கொஞ்ச நாளாக மத்தியானத்தில் அவர்கள் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். போனில் ஒரு வண்ணச் சக்கரம் வரும். விரலால் தட்டினால் சுற்றும். எங்கே நிற்கிறதோ அந்தப் பரிசு. வாயாடிக்கு இதுவரை தள்ளுபடிச் சீட்டைத் தவிர வேறு ஒன்றும் விழுந்ததில்லை.

"இந்தச் சக்கரத்த எனக்கு அனுப்பினது யாருன்னே தெரியல, ஆனா நல்லா இருக்கு. இன்னைக்கு உன் கை ராசிக் கைடி. உன் போன்ல போட்டுச் சுத்து."

"எனக்கு இதெல்லாம் வேணாம்டி. நான் ஒரு தடவகூட சுத்தினதில்ல."

அவள் திரும்பிப் பெட்டி அக்காவைப் பார்த்தாள். பெட்டி அக்கா சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

"சுத்தேன்மா. சாமி கண்ணத் திறந்த நாள். குடுக்கும்போது சேர்த்துக் குடுத்துட்டுப் போகட்டுமே."

நர்ஸம்மா சுற்றினாள். சக்கரம் ஓடி, தயங்கி, ஒரு சிவப்புச் சூட்கேஸ் படத்தில் நின்றது. யார் சுற்றினாலும் எங்கே நிற்க வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்துவிடுவார்கள் என்று பிற்பாடு போன் கடைக்காரர் சொன்னார். அந்த நிமிஷத்தில் மரத்தடியில் கிளம்பின சத்தத்தைக் கேட்டு மேலாளரே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஹாஸ்டலுக்குப் போகிறவளுக்கு வேறு எது கிடைத்தாலும் இத்தனை பொருத்தமாக இருந்திருக்காது.

பரிசை அனுப்ப விவரம் கேட்டது. பேர், போன் நம்பர், மெயில், பிறந்த தேதி, வேலை செய்கிற இடம். கடைசியில், 'பகலில் உங்களுக்காகப் பார்சல் வாங்குபவர் யார்?' என்று ஒரு கேள்வி.

"பெட்டி அக்கா, கேட்னு போடு" என்றாள் வாயாடி.

"என் நம்பரையும் போட்டுக்கம்மா. வழி தெரியாம நிக்கப் போறான்" என்றாள் பெட்டி அக்கா.

மணி அடித்தது. போன்கள் எல்லாம் கூண்டுக்குத் திரும்பின. கம்பெனி மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டி அக்காவின் சொந்தப் போன் அடித்தது. தம்பியைத் தவிர யாரும் கூப்பிடாத போன் அது.

"பெட்டி அக்காங்களா?"

குரல் சின்னப் பையன் குரல். பணிவாக இருந்தது.

"ஆமாப்பா, நீ யாரு?"

"பார்சல்க்கா. சூட்கேஸ்." நர்ஸம்மாவின் முழுப் பேரையும் சொன்னான். "ஏற்கெனவே எங்க குடோன்ல இருந்ததால உடனே எடுத்துட்டு வந்துட்டேன். பக்கத்துலதான் இருக்கேன், வண்டி டயர் பஞ்சர். ஒட்டிட்டு வரதுக்குள்ள இந்தச் சிஸ்டம் மூடிடும்க்கா. மூடிட்டா திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அவங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும் பாருங்க."

திரும்பிப் போகும் என்ற வார்த்தை போதும். கால் வளர்ந்துவிட்ட தங்கையின் செருப்பு அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்துபோய்ப் போனை எடுத்து, ட போட்டுத் திறந்தாள். எண் வந்திருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. அது அவளுக்குத் தெரியாத மொழி. தினமும் வருகிற எல்லாச் செய்தியும் அப்படித்தான் இருக்கும். எண்ணை நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"சரிதான்க்கா. இப்ப திரையில ரெண்டு கட்டம் வரும். நீல நிறத்துல இருக்கறத அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"இன்னொரு எண் வரும். அதையும் சொல்லிடுங்க, முடிஞ்சுது."

சொன்னாள்.

"நல்லா இருங்கக்கா. உங்கள மாதிரி யாரும் இவ்வளவு பொறுமையா சொல்றதில்ல."

அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது. பஞ்சர் ஒட்டிவிட்டு வெயிலில் வருவானே என்று ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து, தூசி விழாமல் அட்டையால் மூடி ஜன்னலில் வைத்தாள். சூட்கேஸை எங்கே மறைத்து வைத்து, சாயங்காலம் எப்படி எடுத்து நீட்டுவது என்றுகூட யோசித்தாள். நாற்காலிக்குப் பின்னால் வைத்துத் துணியைப் போட்டு மூடிவிடலாம். போனைக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு, கண்ண மூடு" என்று சொல்ல வேண்டும்.

தம்ளர் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை.

சாயங்காலம் நர்ஸம்மா போனை வாங்கிக்கொண்டு நாலு எட்டுப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"அக்கா, மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. நான் மாத்தவே இல்லையே."

"சூட்கேஸ்காரன் போன் பண்ணான்மா" என்று பெட்டி அக்கா ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல நர்ஸம்மாவின் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தாள். வாக்கியம் பாதியில் நின்றது. "நான்தான்மா எண்ணப் படிச்சுச் சொன்னேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த போன் கடைக்கு மூன்று பேரும் ஓடினார்கள். வாயாடியும் கூட. கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பாஸ்வேர்டையும் மாத்திட்டான், திருப்பி வாங்கறதுக்குக் குடுத்த போன் நம்பரையும் மாத்திட்டான். பார்சலுக்கு வர எண் வேற, இது வேற. கதவு சாவிய அப்படியே எடுத்துக் குடுத்திருக்கீங்க."

"திருப்பி வாங்க முடியாதாண்ணா?" என்றாள் நர்ஸம்மா.

"மனுப் போட்டிருக்கேன். நீதானான்னு பார்த்துட்டுச் சொல்றோம், சில நாள் ஆகும்னு போட்டிருக்கான்."

"நாளைக்குத்தாண்ணா கடைசி."

கடைக்காரர் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். சும்மா நிற்கிறார்களே என்று மூன்று பேருக்கும் டீ சொல்லி அனுப்பினார். யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் பெட்டி அக்கா லீவு போட்டாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு காய்ச்சலுக்குக்கூட அவள் லீவு போட்டதில்லை. நடந்ததைச் சொல்லக் கூசி, லீவு என்று மட்டும் சொல்லிப் பெட்டியை வாட்ச்மேன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நர்ஸம்மாவோடு கிளம்பினாள். முதலில் போலீஸ் ஸ்டேஷன். மேஜையில் இருந்த போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுசாகக் கேட்டார்.

"இந்த மாதிரிப் புகார நாங்க கையில எழுதி வாங்கறதில்லம்மா. இணையத்துலதான் போடணும். உன் மெயில் சொல்லு, அதுக்கு ஒரு எண் வரும். அத என்கிட்ட சொன்னா நானே பதிஞ்சு தரேன்."

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் வந்து அப்படியே அழுகையாக மாறியது. பெட்டி அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். கடைசியில் போலீஸ்காரர் தன் மகளுடைய மெயிலைப் போட்டுப் பதிந்து, ஒரு ரசீதை அச்செடுத்துக் கொடுத்தார். "இதுக்கு ரொம்ப நாளாகும்மா" என்றும் சொன்னார்.

ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பெட்டி அக்கா பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நர்ஸம்மா. சான்றிதழ் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வழி நெடுக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பெட்டி அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நர்ஸிங் ஸ்கூல் ஆபீஸில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேடம் இருந்தார். தடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் குனிந்துதான் பேச வேண்டும். குனிந்ததும் பெட்டி அக்காவுக்குக் கண் இருட்டியது. விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா பேசினாள்.

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இருக்கும்மா, உன் பேர் இருக்கு. ஒப்புதல் உன் மெயில்லேர்ந்து வரணும். வந்தா இங்க பச்சையா மாறும்."

"மெயில யாரோ எடுத்துட்டாங்க மேடம். அதான் நேர்லயே வந்திருக்கேன். இதோ சர்டிபிகேட், இதோ என் அடையாள அட்டை. நான்தான் மேடம்."

"நீதான்னு எனக்குத் தெரியுதும்மா. இதுக்குத் தெரியணுமே." மேடம் கம்ப்யூட்டரைக் காட்டினார். "கையில வாங்கினா என் வேலை போயிடும். மேல கேட்டுப் பாக்கறேன், உட்காருங்க."

இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேடம் யாருக்கோ போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்தார். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பெட்டி அக்கா கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த எல்லாத் தோத்திரத்தையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. வாட்ச்மேன் அண்ணன்.

"என்னக்கா, நர்ஸம்மாவுக்குச் சூட்கேஸ் வந்துடுச்சாமே! காலையில எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கு, படத்தோட. நீங்களும் சுத்துங்கன்னு."

"அவ யாருக்கும் எதுவும் அனுப்பலையேண்ணா."

"அவ பேர்லதான் வந்திருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளைங்க எல்லாம் சுத்திட்டாங்க. நீ லீவுன்னு என் நம்பரக் குடுத்திருக்காங்க. ப போடு, ட போடுன்னு சொல்லிட்டுப் போச்சுங்க. காலையிலேர்ந்து ஓயாம ஒரே போன். நல்ல பசங்க, மரியாதையாப் பேசறாங்க. எல்லா எண்ணையும் படிச்சுச் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"ஐயோ, சொல்லாதீங்கண்ணா!"

"சொல்லிட்டனேக்கா. ஏன்? நீ பண்றதத்தானே நானும் பண்ணேன்?"

ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் கத்தியிருந்தாள். போனை மடியில் வைத்தாள். வாயாடி நேற்றுக் கூடவே இருந்தாளே, அவள் எச்சரிக்கவில்லையா? எச்சரித்திருக்கிறாள். வாயாடி சொல்வதை எவர் நம்புவார்கள்? உனக்கு விழாதது அவளுக்கு விழுந்ததில் வயிற்றெரிச்சல் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இது பிற்பாடு தெரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மேடம் எழுந்தார். ஓட்டைக்கு அருகே வந்தார்.

"மூடிடுச்சும்மா. அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. நான் எதுவும் பண்ணல, அதுவாவே மாறிடும்."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் மேடம்" என்றாள் நர்ஸம்மா. வாதாடுகிற குரல் இல்லை அது. ஒரு தகவல் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு இடம் கிடைத்தது. நர்ஸம்மா பெட்டி அக்காவை அதில் உட்கார வைத்தாள். "உங்களுக்குக் கழுத்து வலிக்கும்க்கா, உட்காருங்க." நின்றபடியே வந்தாள். அந்தப் பயணத்தில் பெட்டி அக்கா அழுத அழுகையைக் கடவுள் ஒருவர்தான் பார்த்தார்.

கம்பெனியில் அந்த வாரம் முழுக்க ஒரே கூச்சல். ஒருத்தியின் படங்களை எடுத்து அவள் மாமனார் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். இன்னொருத்தியின் சம்பளம் வந்த வேகத்தில் போய்விட்டிருந்தது. வாயாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலில் சக்கரத்தைக் கொண்டுவந்தவள் என்று அவளோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. அவள் வாயே அடங்கிவிட்டது. பெட்டி அக்காவை நேருக்கு நேர் பார்த்து ஒருவரும் திட்டவில்லை. "பாவம், அக்காவுக்கு என்ன தெரியும்" என்றார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் கூசிப் போனாள். நேற்றுவரை அவள் பாவமாக இல்லை. அவர்களுக்கு வேண்டியவளாக இருந்தாள்.

மேலாளர் கூப்பிட்டார். மரக் கூண்டுகளை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டிகள் வைக்கப் போவதாகச் சொன்னார். அவரவர் எண் போட்டு அவரவரே பூட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தேவை இல்லை.

"உங்கள வெளிய அனுப்பலம்மா. உள்ள நூல் கூட்டற வேலை இருக்கு."

"சரிங்க சார்" என்றாள். கூட்டும்போது குனிய வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. நிற்க ஒரு இடம் கொடுத்தார்களே என்று அப்போதும் நன்றிதான் சொன்னாள்.

இப்போது அவளைப் பெட்டி அக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை. அக்கா என்று மட்டும் கூப்பிடுகிறார்கள். புதுசாக வந்த பிள்ளைகள் கூட்டற அம்மா என்கிறார்கள். காலையில் கேட் ஓரம் கூட்டும்போது இரும்புப் பெட்டிகளைத் துணியால் துடைப்பாள். பழைய வழக்கத்தில் வாய் அசையும். ஆனால் எந்தப் பெட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிடும். பார்சல்காரர்கள் வந்து, எண் சொல்ல ஆள் இல்லாமல், பார்சலோடு திரும்பிப் போகிறார்கள். அவர்கள் வரும்போது அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவாள்.

நர்ஸம்மா அதே பிசிறு மேஜையில் இருக்கிறாள். அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் அழைப்பதில்லை. முதலில் கொஞ்ச நாள் தப்பித் தவறி யாராவது கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது. போன் கடைக்காரர் போட்ட மனுவுக்குப் பதில் வந்தது. 'நீங்கள்தான் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை' என்று.

நேற்று மத்தியானம் அவள் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கழுத்து வலி எப்படிக்கா இருக்கு?"

"இருக்கும்மா. பரவாயில்ல. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. பழைய அன்பு அப்படியேதான் இருந்தது. பேசிக்கொண்டே போனைத் திறக்க விரலைக் கொண்டுபோனாள். அவள் இடது கை தானாக எழுந்து திரையை மறைத்தது. மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, கை நினைத்துவிட்டது. அது தெரிந்து அவள் முகம் மாறுவதற்குள் அக்கா முகத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் நின்றுகொண்டாள். அங்கே கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தும் அந்தப் பிள்ளை போனைத் திறந்து முடிக்கிறவரை, குனிந்து, கண் இருட்ட இருட்ட, அந்த வெறுந்தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.